ஸ்டுட்கார்ட்டில் நான்கு மாதம்: வேலையோடும் ஆட்களோடும் ஒட்டுவது எப்படி?

தம்பி, நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. ஸ்டுட்கார்ட்டில் மென்பொருள் வேலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. டீமில் உங்களோடு சேர்த்து ஒன்பது பேர். மற்றவர்கள் நாலு, நாலரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள், நீங்கள் ஏழு வரை உட்கார்கிறீர்கள். யாரும் கலந்து பேசுவதில்லை, வேலையிலும் மனசு ஒட்டவில்லை. ப்ரொபேஷனில் லீவு கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற பயம் வேறு.

ஜெர்மனியில் ஓய்வும் லீவும் மேனேஜர் பார்த்துக் கொடுக்கிற சலுகை இல்லை, சட்டத்தில் எழுதியிருக்கிறது. ஆட்களோடு பழக்கம்தான் எதிலும் எழுதப்படவில்லை, அதற்குத்தான் நீங்கள் மெனக்கெட வேண்டும். நம் ஆட்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கையில் இருக்கும் நேரத்தை ஓவர்டைமில் தொலைத்துவிட்டு, உழைப்பைப் பார்த்து மற்றவர்களே வந்து பேசுவார்கள் என்று காத்திருக்கிறார்கள். வரமாட்டார்கள். ஏழு மணி வரை உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் இங்கே இரண்டே எண்ணம்தான் வரும்: வேலை தெரியவில்லை, அல்லது வேலையைப் பிரித்துச் செய்யத் தெரியவில்லை.

இப்போதுள்ள வேலைநேரச் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம். 10 வரை நீட்டலாம், ஆனால் ஆறு மாதச் சராசரி 8-ஐத் தாண்டக் கூடாது. ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் தொடங்க 11 மணி நேர இடைவெளி வேண்டும். இரவு பத்தரைக்கு அமெரிக்க டீமோடு கால் முடித்தீர்கள் என்றால், மறுநாள் காலை ஒன்பதரைக்கு முன்னால் லேப்டாப்பைத் திறக்கக் கூடாது. 6 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 30 நிமிட இடைவேளை, 9-ஐத் தாண்டினால் 45 நிமிடம்.

இதில் நம் ஆட்கள் செய்யும் பெரிய தப்பு, பத்து மணி நேரம் உழைத்துவிட்டு நேரப்பதிவில் எட்டு என்று போடுவது. நல்ல பெயர் கிடைக்கும் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் மேனேஜரின் கணக்கில் என்ன விழுகிறது? இந்த வேலை இவருக்கு எட்டு மணி நேரத்தில் முடிகிறது. அடுத்த ஸ்ப்ரின்ட்டிலும், அதாவது அடுத்த சில வார வேலைச் சுற்றிலும், அதே அளவுதான் வரும், கொஞ்சம் கூடவே வரலாம். நேரத்தைப் பதிவு செய்ய ஏற்பாடு வைத்திருப்பது நிறுவனத்தின் கடமை என்று கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றமே 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டது. உள்ளதை உள்ளபடி போடுங்கள். க்ளைட்சைட், அதாவது நெகிழ்வு நேரக் கணக்கு, இருந்தால் கூடுதல் மணிகள் அதில் சேரும். ஒரு வெள்ளிக்கிழமை மதியமே கிளம்பி அதைக் கழித்துக்கொள்ளலாம். கணக்கின் உச்சவரம்பைத் தாண்டிய மணிகள் பல இடங்களில் மாதக் கடைசியில் அழிந்துபோகும், அதனால் விதியை ஹெச்.ஆர். பக்கத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இடைவேளைக்கு இன்னொரு பயன் உண்டு. நேரப்பதிவு மென்பொருள் பெரும்பாலும் அந்த அரை மணியைத் தானாகவே கழித்துவிடும். மேசையிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டு கோட் எழுதினாலும் கழியும். எப்படியும் போகிற நேரம், ஆட்களோடு போகட்டும். இங்கே மதியச் சாப்பாடு பதினொன்றரை, பன்னிரண்டுக்கே ஆரம்பித்துவிடும். ஒரு மணிக்குப் போனால் காலி நாற்காலிகளோடுதான் பேச வேண்டும். பதினொன்றேகாலுக்கு டீம் சாட்டில் "இன்று கான்டீனுக்கு யார் வருகிறீர்கள்?" என்று ஒரு வரி போடுங்கள். அவர்கள் உங்களைக் கூப்பிடாமல் இருப்பதை ஒதுக்குவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விருப்பம் இருந்தால் அவரே வருவார், வற்புறுத்துவது நாகரிகமில்லை என்பது அவர்கள் கணக்கு. பேச்சுக்கு வார இறுதி, அடுத்த லீவு, வானிலை, ரயில் தாமதம் போதும். சம்பளம், மதம், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, இவை மூன்றும் வேண்டாம். நம் பக்கம் முதல் கேள்வியே அதுதான் என்பது வேறு விஷயம்.

புதிதாகச் சேர்ந்தவர் டீமுக்குத் தின்ன ஏதாவது கொண்டுவந்து வைப்பது இங்கே வழக்கம், ஐன்ஷ்டான்ட் என்பார்கள். நான்கு மாதம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம், ப்ரொபேஷன் முடிந்த கையோடு செய்பவர்களும் உண்டு. இரண்டு நாள் முன்பே டீம் காலண்டரில் காலை பத்து மணிக்கு 15 நிமிடம் போட்டு, இடம் காபி மெஷின் பக்கம் என்று குறிப்பிடுங்கள். ஒன்பது பேர் டீமுக்குப் பன்னிரண்டு துண்டு இருந்தால் பக்கத்து டீமிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கும் ஆகும். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டையில் பால், முட்டை, கோதுமை, கொட்டை வகை எது சேர்ந்திருக்கிறது என்று எழுதி வையுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களும் வீகன்களும் கேட்கத் தயங்கி ஒதுங்கிவிடுவார்கள், அட்டை இருந்தால் அதைப் பற்றியே பேச்சு ஆரம்பிக்கும். பிறந்தநாளுக்கும் இதே முறைதான். பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டுவர வேண்டும். யாராவது வாழ்த்துவார்களா என்று காத்திருந்தால் நாள் சத்தமில்லாமல் போய்விடும். மற்றவர் பிறந்தநாளுக்கு முந்தின நாளே வாழ்த்திவிடாதீர்கள், அதை அபசகுனமாக நினைப்பவர்கள் நிறைய.

தமிழ் ஆட்கள் இரண்டு பேர் காபி மெஷின் பக்கம் நின்று தமிழில் பேசுவது இயல்புதான். மூன்றாவது ஆள் வந்ததும் மொழியை மாற்றிக்கொள்ளுங்கள், அவ்வளவே.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். உங்கள் மீட்டிங் ஆங்கிலத்தில் நடக்கலாம். மீட்டிங் முடிந்து கதவுப் பக்கம் நிற்கும் மூன்று நிமிடம் ஜெர்மனில்தான் நடக்கும், பாதி முடிவு அங்கேதான் உருவாகும். பி1 எனும் இடைநிலை மொழித்திறன் வரை கொண்டுபோக அரசின் ஒருங்கிணைப்புப் பாடத்திட்டம் ஒதுக்கியிருப்பது 45 நிமிடம் கொண்ட 600 பாட வேளைகள். வாரத்தில் இரண்டு மாலை, ஒரு மாலைக்கு நான்கு வேளை என்று போனாலும் ஒன்றரை ஆண்டு ஆகும். ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலெ எனும் மக்கள் கல்விக்கூடங்கள் எல்லா ஊரிலும் மாலை வகுப்பு நடத்துகின்றன. சில நிறுவனங்கள் கட்டணத்தைத் தருகின்றன, கேட்டால்தான் தெரியும். வகுப்பு பாதியில் நின்றுபோகக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஏழு மணி வரை வேலை செய்துவிட்டு அதே இரவு வகுப்புக்கு ஓடுவது. செவ்வாய், வியாழன் மாலை ஐந்துக்கு மேல் காலண்டரை நிரந்தரமாக மூடிவிடுங்கள். "ஐந்து மணிக்கு ஜெர்மன் வகுப்பு" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவரை இங்கே யாரும் முறைப்பதில்லை. ப்ளூ கார்டில், அதாவது பட்டதாரி வேலைக்கான குடியிருப்பு அனுமதியில், இருந்தால் இன்னொரு லாபம்: பி1 இருந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு விண்ணப்பிக்கலாம், ஆரம்ப நிலையான ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஒரே நிறுவனத்தில் 12 மாதம் முடிந்தபின், பில்டுங்ஸ்சைட் என்று ஆண்டுக்கு 5 நாள் சம்பளத்தோடு படிப்பு விடுப்பும் உண்டு. பக்கத்து பவேரியாவுக்கு மாறினால் அது கிடையாது.

வேலையில் மனசு ஒட்டாததற்குப் பெரும்பாலும் வேலை காரணமாக இருக்காது, மீட்டிங்கில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் விதம்தான். இங்கே மாற்றுக் கருத்து சொல்வது எதிர்ப்பு இல்லை, எதிர்பார்ப்பு. தலையாட்டிக்கொண்டே இருப்பவரிடம் கருத்து இல்லை என்று முடிவு கட்டி, நாளடைவில் கேட்பதையே விட்டுவிடுவார்கள். அப்புறம் வருவது மற்றவர்கள் யோசித்து முடித்த துண்டு வேலைகள்தான். அதில் யாருக்கு ஒட்டும்?

ஓர் உதாரணம். "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்று கேட்கிறார்கள். நம் வாயில் முதலில் வருவது "முடியும், பார்க்கிறேன்". நமக்கு அது முயற்சி செய்கிறேன், அவர்களுக்கு அது வாக்குறுதி. பதிலாக இப்படிச் சொல்லுங்கள்: "முதல் இரண்டு பகுதி வெள்ளிக்குள் முடியும். மூன்றாவதுக்கு டேட்டாபேஸ் அனுமதி இன்னும் வரவில்லை. புதன் மதியத்துக்குள் வராவிட்டால் மூன்றாவது அடுத்த வாரம்தான். புதனன்று நானே சொல்கிறேன்." சொன்னபடி புதனன்று ஒரு வரி எழுதிவிடுங்கள், அனுமதி வந்திருந்தாலும் சரி. கெட்ட செய்தியை முன்கூட்டிச் சொல்பவரை நம்புவார்கள், கடைசி நாளில் சொல்பவரை மறக்க மாட்டார்கள். அதோடு ஸ்ப்ரின்ட் திட்டமிடலில் சின்னதாக ஒரு பகுதியை முழுக்க உங்கள் பெயரில் கேட்டு வாங்குங்கள், யாரும் தொட விரும்பாத டெஸ்ட் தொகுப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அதைப் பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் உங்களைத் தேடி வருவார்கள், பேச்சும் கூடவே வரும்.

ப்ரொபேஷன் பயம் முழுக்கப் பொய்யில்லை. அதிகபட்சம் ஆறு மாதம்; அதற்குள் இரண்டு வாரம் முன்னறிவிப்போடு காரணம் சொல்லாமலே அனுப்பலாம். பத்துப் பேருக்கு மேல் உள்ள நிறுவனத்தில் ஆறு மாதம் கழித்துத்தான் பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கும். அதனால் ஐந்தாவது மாதம் முடியும் வரை காத்திருக்காமல் இப்போதே மேனேஜரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். எப்படிச் செய்கிறேன் என்று பொதுவாகக் கேட்டால் "நன்றாக" என்று பொதுவாகத்தான் பதில் வரும். "ப்ரொபேஷனைத் தாண்ட என்னிடம் இன்னும் எந்த இரண்டு விஷயம் எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள். சொன்னதை அன்றே மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

வேலை உண்மையாகவே தலைக்கு மேல் போனால், எந்த வேலை, எத்தனை மணி நேரம், எதை நிறுத்தலாம் என்று எழுத்தில் மேனேஜருக்குக் கொடுங்கள். பெட்ரீப்ஸ்ராட் எனும் ஊழியர் குழு இருந்தால் அவர்களிடமும் பேசலாம். ஓவர்டைம் உத்தரவிட அவர்கள் சம்மதம் வேண்டும், ப்ரொபேஷனில் ஒருவரை அனுப்புவதானாலும் முன்னதாக அவர்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் வேலை தொடங்கும் முன் தகவல் சொல்லிவிட்டு வீட்டில் இருங்கள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆபீஸ் வருபவரை யாரும் பாராட்டுவதில்லை. சேர்ந்து நான்கு வாரம் ஆனதிலிருந்து ஆறு வாரம் வரை முழுச் சம்பளம் உண்டு. மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் டாக்டர் சான்று வேண்டும், சில ஒப்பந்தங்களில் முதல் நாளே கேட்பார்கள். என்ன நோய் என்பது நிறுவனத்துக்குப் போகாது. மனசு தளர்ந்து பல வாரமாகத் தூக்கம் கெட்டிருந்தால் 116117 என்ற எண்ணில் உளசிகிச்சையாளரின் முதல் ஆலோசனைக்கு நேரம் வாங்கலாம். டிசம்பரில் ஸ்டுட்கார்ட்டில் நாலரைக்கு இருட்டிவிடும், அந்த மாதங்களில் மதிய இடைவேளையில் பத்து நிமிடமாவது வெளியே நடங்கள்.

ஆபீஸ் நட்பு பெரும்பாலும் ஆபீஸோடு நின்றுவிடும். அது உங்கள் குறையில்லை, இங்கே அமைப்பே அப்படி. நட்புக்கு இடம் ஃபெராய்ன் எனும் சங்கங்கள். ஏழு பேர் இருந்தால் பதிவு செய்துவிடலாம் என்பதால் பேட்மின்டன், செஸ், மலைநடை, கூட்டுப்பாட்டு என்று எதற்கும் ஒன்று இருக்கும். மெயிலில் சோதனைப் பயிற்சி கேளுங்கள், முதல் ஒன்றிரண்டு தடவை பெரும்பாலும் இலவசம். எல்லாவற்றிலும் சேராமல் ஒன்றே ஒன்றில், வாரம் தவறாமல் அதே நேரத்துக்குப் போங்கள். முதல் சில வாரம் வணக்கத்தோடு சரி. வலை கட்ட, நாற்காலி எடுத்து வைக்கக் கை கொடுக்கிறவரிடம்தான் பேச்சு வரும். உறுப்பினராவதற்கு முன் விலகும் விதியைப் பாருங்கள், பல சங்கங்களில் ஆண்டு முடிவில்தான் விலக முடியும்.

இனி லீவு. சட்டப்படி வாரம் ஐந்து நாள் வேலைக்கு ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள், ஐ.டி. ஒப்பந்தங்களில் 28, 30 சாதாரணம். ப்ரொபேஷனில் லீவே கிடையாது என்பது கட்டுக்கதை. முழு உரிமை ஆறு மாதத்துக்குப் பிறகு, ஆனால் ஒவ்வொரு முழு மாதத்துக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு சேர்ந்துகொண்டே வரும், அதைக் கேட்பதில் தப்பில்லை. இரண்டு வாரம் தொடர்ந்து எடுப்பதைச் சட்டமே எதிர்பார்க்கிறது. ஊருக்கு மூன்று, நான்கு வாரம் போவதானால் டிக்கெட் எடுக்கும் முன் டீம் காலண்டரைப் பாருங்கள். பள்ளி விடுமுறையில் குழந்தை உள்ளவர்களுக்குத்தான் வழக்கமாக முன்னுரிமை. எழுத்தில் ஒப்புதல் வரும் வரை காசு கட்டாதீர்கள்.

ஊரிலிருந்து ஒரு வாரம் வேலை பார்த்துவிடலாம் என்று லேப்டாப்பைச் சொல்லாமல் எடுத்துப் போவது பெரிய சிக்கல். வரி, சமூகக் காப்பீடு, தரவுப் பாதுகாப்பு மூன்றும் இடிக்கும், எங்கிருந்து நுழைந்தீர்கள் என்பதும் பதிவில் தெரிந்துவிடும். லீவில் ஊரில் உடம்புக்கு முடியாமல் போனால் அந்த நாட்கள் லீவுக் கணக்கில் கழியாது, ஆனால் உடனே நிறுவனத்துக்குத் தகவலும் தங்கியிருக்கும் முகவரியும் போக வேண்டும். டாக்டர் கடிதத்தில் காய்ச்சல் என்று மட்டும் இருந்தால் செல்லாது. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை வேலை செய்யும் நிலையில் இல்லை என்று எழுதி வாங்குங்கள். இங்குள்ள அரசு மருத்துவக் காப்பீடு இந்தியச் செலவைத் தராது, பயணக் காப்பீட்டைக் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள்.