அடிபட்ட மூளையும் அழற்சியும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

தலையில் அடிபட்டவர்களின் வீட்டார் கேட்ட கேள்விகளை ஒன்றாக எடுத்துப் பதில் எழுதுகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் மருத்துவ மாணவர்களுக்கு உடற்றொழிலியல் படிப்பித்தவன். மூளைக் காயத்தில் நிர்ப்பீடனம், அதாவது நோயெதிர்ப்பு, என்ன செய்கிறது என்பதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். சிகிச்சையைத் தீர்மானிப்பவர் உங்கள் நோயாளியை நேரில் பார்க்கும் வைத்தியர்தான்.

சாவகச்சேரியிலிருந்து ஒரு தாய்: சேர், மகன் ஏ9 வீதியில மோட்டார் சைக்கிளால விழுந்தவன். முதல் நாள் பேர் கேட்டாச் சொன்னான். மூண்டாம் நாள் கண் திறக்கேல்லை, மூளை வீங்கிட்டுது எண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாத்திப்போட்டினம். முதல் நாளே ஏதும் பிழை விட்டிட்டினமோ?

அம்மா, மூன்றாம் நாள் மோசமாவது பலருக்கு நடக்கிற விசயம். அதை மட்டும் வைத்து யாரும் பிழை விட்டதாகச் சொல்ல ஏலாது. விழுந்த கணத்தில் ஏற்படுவது முதற்காயம். அதற்குப் பிறகு மணிக்கணக்காய், நாட்கணக்காய் மூளைக்குள்ளேயே ஒரு இரண்டாம் காயம் வளரும். அதில் பெரும்பங்கு அழற்சிக்கு, அதாவது காயத்துக்கு உடம்பின் நோயெதிர்ப்பு காட்டும் எதிர்வினைக்கு, உண்டு.

மூளைக்கென்றே காவற்கலங்கள் இருக்கின்றன. மைக்ரோகிளியா என்று பெயர். ஸ்பெயினைச் சேர்ந்த ரியோ ஓர்த்தேகா 1919இல் அவற்றைத் தனியாக இனங்கண்டார். உயிருள்ள எலியின் மூளையில் லேசரால் சிறு காயம் உண்டாக்கி 2005இல் நுணுக்குக்காட்டியால் பார்த்தார்கள். சில நிமிடங்களுக்குள் சுற்றியுள்ள மைக்ரோகிளியாக்கள் எல்லாம் தங்கள் மெல்லிய கிளைகளை நீட்டிக் காயத்தைச் சூழ்ந்துகொண்டன. உடைந்த கலங்களிலிருந்து வழியும் ஏ.டி.பி. என்ற சக்தி மூலக்கூறுதான் அவற்றைக் கூப்பிடுகிறது. பிறகு அவை இன்டர்லூக்கின்-1, டி.என்.எஃப். போன்ற அழற்சியைத் தூண்டும் புரதங்களை வெளிவிடும். குருதிக்குழாய்ச் சுவர்கள் தளரும், முதல் ஓரிரு நாளில் நியூட்ரோபில்கள், பிறகு மொனோசைட்டுகள் என்ற வெண்குருதிக் கலங்கள் குருதியிலிருந்து உள்ளே வரும், நீரும் கசியும். கையில் அடிபட்டால் வீங்க இடம் இருக்கும். மண்டையோட்டுக்குள் அந்த இடம் இல்லை, அமுக்கம் ஏறும். வீக்கம் பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில்தான் உச்சத்துக்கு வரும். உங்கள் மகன் இப்போது அந்த நாட்களில்தான் இருக்கிறான்.

அதே தாய்: கனடாவில இருக்கிற தம்பி, வீக்கம் எண்டால் ஸ்டீரொயிட் ஊசி போடச்சொல்லிக் கேள் எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லுறான். இங்க மாட்டினமாம்.

போடாதது சரி, அம்மா. தம்பி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது, பல வருடங்களாக உலகம் முழுக்க வைத்தியர்களும் அப்படியே நினைத்தார்கள். அழற்சிதானே வீக்கத்துக்குக் காரணம், அழற்சியை அடக்கினால் மூளை தப்பும் என்று நம்பி ஊசி போட்டார்கள். கடைசியில் அதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். கிராஷ் என்ற அந்த ஆய்வில் 10,008 பேர் சேர்க்கப்பட்டார்கள். பாதிப்பேருக்கு மெதைல்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட், மற்றப் பாதிப்பேருக்கு வெறும் மருந்தற்ற திரவம். இரண்டு கிழமைக்குள் இறந்தவர்கள் ஸ்டீரொயிட் எடுத்தவர்களில் 21.1 வீதம், எடுக்காதவர்களில் 17.9 வீதம். தீங்கு தெளிவாகத் தெரிந்ததால் 2004இல் ஆய்வை இடையில் நிறுத்திவிட்டார்கள். நூறு பேருக்குப் போட்டால் மூன்று பேர் கூடுதலாகச் சாவார்கள் என்பது அந்தக் கணக்கின் பொருள். நல்ல எண்ணத்தோடு போட்ட ஊசி அது. மூளைக் காய ஆராய்ச்சியில் என்னை மிகவும் பாதித்த முடிவு இதுதான்.

தம்பிக்கு இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். அவர் தூரத்தில் இருந்து தவிக்கிறார், கோபிக்க வேண்டாம்.

உரும்பிராயிலிருந்து ஒரு அக்கா: என்ர மாமிக்கு மூளையில கட்டி. அவவுக்கு டெக்சமெதசோன் குடுத்து நல்லாத் தெளிஞ்சவ. அப்ப அது எப்படி?

டெக்சமெதசோனும் ஒரு ஸ்டீரொயிட்தான். கட்டியைச் சுற்றி வரும் நீர் ஸ்டீரொயிட்டுக்கு நன்றாக அடங்கும். காசநோய் மூளைக்காய்ச்சலிலும் டெக்சமெதசோன் உயிர் காக்கிறது, வியட்னாமில் நடந்த ஆய்வு 2004இல் அதைக் காட்டியது. மூளை அதேதான், அழற்சி வந்த வழி வேறு. ஒரு நோய்க்குக் கேட்ட மருந்தை இன்னொன்றுக்குக் கேட்க வேண்டாம்.

உயர்தர உயிரியல் மாணவி: மூளைக்கு நிர்ப்பீடனத் தொகுதியோடு தொடர்பில்லை எண்டு படிச்சிருக்கிறம். அது பிழையா சேர்?

பாதி சரி, தங்கச்சி. 1948இல் பீட்டர் மெடவார் என்ற விஞ்ஞானி முயலின் மூளைக்குள் வேறு முயலின் தோலை ஒட்டிப் பார்த்தார். வேறு இடத்தில் ஒட்டினால் உடல் தள்ளிவிடும் அந்தத் தோல், மூளையில் தங்கியது. ஆனால் அதே முயலின் உடம்பில் ஏற்கெனவே அந்நியத் தோல் ஒட்டப்பட்டிருந்தால் மூளையில் இருந்ததும் தள்ளப்பட்டது. இந்த இரண்டாம் பாதியைப் பலர் மறந்துவிட்டார்கள். 2015இல் மூளை உறைகளில், நோயெதிர்ப்புக் கலங்கள் போகும் நிணநீர்க் குழாய்கள் இருப்பதை அமெரிக்காவிலும் பின்லாந்திலும் தனித்தனியே காட்டினார்கள். மூளை தனித்தீவு இல்லை.

வடமராட்சியிலிருந்து ஒருவர்: அழற்சி கூடாதெண்டால் மஞ்சளும் வல்லாரையும் அரைச்சுக் குடுக்கலாந்தானே? அம்மம்மா தலையில அடிபட்டு வார்டில இருக்கிறா, முழுசா நினைவு வரேல்லை.

ஐயா, தயவுசெய்து இப்போது வாயால் ஒன்றும் கொடுக்க வேண்டாம். தாதி பார்க்காத நேரம் ஒரு கரண்டிதானே என்று நினைப்பீர்கள். நினைவு குறைந்தவருக்கு விழுங்கும்போது மூச்சுக்குழாய் சரியாக மூடாது, அந்த ஒரு கரண்டி நுரையீரலுக்குள் போகும். அதோடு, மூளையில் பலத்த அடி பட்டால் உள்ளே அழற்சி ஏறும் அதே நாட்களில் உடம்பின் மற்றப் பாகங்களில் நோயெதிர்ப்பு இறங்கிப்போகும், குருதியில் நிணநீர்க்கலங்கள் குறையும். ஆகவேதான் இந்த நோயாளிகளுக்கு நியூமோனியா இவ்வளவு எளிதாக வருகிறது. தலைமாட்டை உயர்த்தி வைப்பது, வாயைச் சுத்தமாக வைத்திருப்பது, மூக்கால் குழாய் போட்டு உணவு கொடுப்பது எல்லாம் அதற்காகத்தான். வீட்டார் செய்யக்கூடிய உதவி இங்கேதான் இருக்கிறது. தாதியிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

மஞ்சளின் குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். அம்மம்மா எழுந்து இருந்து சாப்பிடத் தொடங்கியபின் வல்லாரைச் சம்பல் தாராளமாய்க் கொடுக்கலாம், உணவாக.

காரைநகரிலிருந்து ஒருவர்: அப்பா குளியலறையில வழுக்கி விழுந்து ஒரு மாதத்துக்குப் பிறகு நடை தடுமாறினார். ஸ்கானில பழைய இரத்தம் எண்டவை. ஒப்பரேசன் இல்லாமல் குளிசையால கரைக்க ஏலாதோ?

வயதானவர்களில் மூளையின் மேற்பரப்பில் கசிந்த குருதியைச் சுற்றி ஒரு சவ்வு உண்டாகும். அந்தச் சவ்வு ஒரு அழற்சித் திசு. அதன் புதுக் குருதிக்குழாய்கள் திரும்பத் திரும்பக் கசிவதால்தான் அந்தக் குருதித் தேக்கம் மெதுவாகப் பெரிதாகிறது. ஸ்டீரொயிட் உதவும் என்ற எண்ணம் இங்கேயும் இருந்தது. பிரித்தானியாவில் 2020இல் வந்த ஆய்வு முடிவின்படி, டெக்சமெதசோன் எடுத்தவர்களுக்கு மறு சத்திரசிகிச்சை குறைந்தது உண்மை. ஆனால் ஆறு மாதத்தின்பின் நல்ல நிலையில் இருந்தவர்கள் 83.9 வீதம்தான், எடுக்காதவர்களில் 90.3 வீதம். துளையிட்டு வடிப்பது சிறிய சத்திரசிகிச்சைதான், வயதைப் பார்த்து அஞ்சி நாளைக் கடத்த வேண்டாம். அப்பா அஸ்பிரின், வோர்பரின் போன்ற குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவரென்றால் முதலிலேயே சொல்லுங்கள்.

மருத்துவ மாணவர்: அப்ப அழற்சியைத் தொடவே கூடாதா?

தொடலாம், தம்பி. எதை, எப்போது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. மைக்ரோகிளியா குப்பையையும் அகற்றுகிறது, நல்ல நரம்புக்கலத்தையும் கெடுக்கிறது. இடிந்த வீட்டில் கல் அகற்ற வந்தவர்களே நிற்கிற தூணையும் சாய்ப்பது போல. அதற்காக ஆட்களை வரவேண்டாம் என்று தடுக்கவும் ஏலாது. எலிகளில் மைக்ரோகிளியாவை அழித்துவிட்டு மீண்டும் வளரவிட்டபோது, புதிதாக வந்தவை மூளை ஆறுவதற்கு உதவியதை 2020இல் காட்டினார்கள். இன்டர்லூக்கின்-1ஐ மட்டும் தடுக்கும் அனகின்ரா என்ற மருந்தைத் தலையில் அடிபட்ட 20 பேரில் கேம்பிரிட்ஜில் சோதித்தார்கள். மருந்து மூளைக்குள் போய்ச் சேர்கிறது, தீங்கு பெரிதாய் இல்லை என்ற அளவில் அது நிற்கிறது. எலியில் நன்றாக வேலைசெய்த புரொஜெஸ்தரோன் என்ற ஹோர்மோன், 2014இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளிலும் மனிதருக்கு உதவவில்லை. எலிகளுக்கு ஒரே இடத்தில், ஒரே அளவில் அடி. விழுந்த மனிதர் இருவரின் காயம் ஒன்றாக இருப்பதில்லை. உன் தலைமுறை இதில் வேலை செய்ய வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

கிளிநொச்சியில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வசிப்பவர்: சண்டைக் காலத்தில தலையில செல் துண்டு பட்டது. ஒண்டு இன்னும் உள்ள இருக்கு. இப்ப மறதி, தலையிடி, சட்டெண்டு கோபம். இத்தனை வருசத்துக்குப் பிறகும் அழற்சி இருக்குமோ?

சிலருக்கு இருக்கிறது. 2011இல் லண்டனில் பெற் ஸ்கான் எடுத்துப் பார்த்தபோது, காயம்பட்டு 17 வருடங்கள் கழிந்த ஒருவரிலும் மைக்ரோகிளியா கிளர்ந்த நிலையில் தென்பட்டது, அதுவும் அடிபட்ட இடத்துக்குத் தூரமான பகுதிகளில். உங்கள் மறதிக்கு அதுதான் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நித்திரைக் குறைவு, மனவடு, வெளியில் தெரியாத வலிப்பு ஆகியவையும் இதே குறிகளைத் தரும், அவற்றுக்கு இன்றே மருந்து இருக்கிறது. நரம்பியல் கிளினிக்குக்குப் போங்கள், தனியாகத் தாங்கிக்கொண்டு இருக்க வேண்டாம். பழைய எக்ஸ்ரே, அனுமதிச்சீட்டு எது இருந்தாலும் கொண்டுபோங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உள்ளே துண்டு இருக்கிறது என்பதைப் படம் எடுப்பவரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். இரும்புத் துண்டென்றால் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் பலத்த காந்தத்தில் அசையக்கூடும். அதற்குப் பதிலாக சி.டி. எடுக்கலாம்.