கபடி அணிக்கு மருத்துவக் குழு: முதலில் யாரை அமர்த்துவது?

கேள்வி: எங்கள் ஊர் கபடி அணியில் 16 வீரர்கள். போன பருவத்தில் மூன்று பேருக்கு முழங்காலில் அடி. இந்த ஆண்டு நன்கொடை கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. எலும்பு மருத்துவர் ஒருவரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தை விளையாட்டுக் காயங்களில் பழக்கமுள்ள பிசியோதெரபிஸ்ட் ஒருவருக்குக் கொடுங்கள். எலும்பு மருத்துவர் உங்களுக்கு ஆண்டில் சில நாள்தான் தேவைப்படுவார். பிசியோ வாரத்தில் மூன்று மாலையாவது களத்தோரம் நிற்க வேண்டும். இடது காலை லேசாகத் தாங்கி ஓடும் பையன் அவர் கண்ணில்தான் முதலில் படுவான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவுப் போட்டியில் ஒரு ரைடர் தொடைப்பிடியில் சிக்கி, கால் திருகி விழுந்தார். முட்டிக்குள் 'டப்' என்று சத்தம் கேட்டதாக அவரே சொன்னார். ஸ்பிரே அடித்து, துணியை இறுக்கிக் கட்டி மறுபடி இறக்கினார்கள். ஆட்டம் முடிவதற்குள் முட்டி வீங்கிவிட்டது. அந்தச் சத்தமும், ஓரிரு மணி நேரத்துக்குள் வரும் வீக்கமும் சேர்ந்தால், ஊரில் 'ஜவ்வு' என்கிறோமே, அந்த ஏசிஎல் தசைநார் அறுந்திருப்பதாகவே முதலில் சந்தேகிக்க வேண்டும். அதற்கு மேலும் ஓடினால் பக்கத்திலுள்ள மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பும் கிழியலாம். களத்தோரம் இருந்த சிலருக்கு இது தெரிந்தே இருந்தது. ஆனால் 'இறங்காதே' என்று சொல்லும் அதிகாரம் அவர்களில் யாருக்கும் இல்லை.

ஆகவே பிசியோவை அமர்த்தும் நாளிலேயே ஒரு விதியை எழுதிக் கையெழுத்திடுங்கள்: அவர் வேண்டாம் என்றால் பயிற்சியாளரோ தலைவரோ அதை மாற்றக் கூடாது, இறுதிப் போட்டியானாலும் சரி. தலையில் அடிபட்டுத் தடுமாறும் வீரருக்கு அன்று ஆட்டம் கிடையாது. ஏசிஎல் அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதமாவது பொறுக்க வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால் எத்தனை பேரை அமர்த்தினாலும் வீண் செலவு.

எலும்பு மருத்துவரிடம் சம்பளம் பேசாமல், அடிபட்ட வாரமே பார்க்கும் உறுதியை மட்டும் வாங்குங்கள். உணவு ஆலோசகர் பருவத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். எடை பார்க்கும் நாளுக்கு முன் தண்ணீர் குடிக்காமல் காயும் பழக்கத்தை அவர் நிறுத்தட்டும். இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவியை (சிபிஆர்) எல்லா வீரர்களும் கற்றாக வேண்டும், ஏனென்றால் 108 வந்து சேரும்வரை உயிர் அவர்கள் கையில்தான்.

மாநில, தேசிய அணிக்குப் போகக்கூடியவர்கள் இருந்தால் இன்னொன்று. மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி, ஊக்கமருந்துத் தடை விதிகளின்படி 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டது. பிசியோவுக்குத் தெரியாமல் யாரும் எந்த ஊசியும் போடக் கூடாது.

போன பருவத்தில் அடிபட்ட மூவரையும் முதல் நாளே அவரிடம் காட்டுங்கள். முட்டி உறுதியாக இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகு, ஒற்றைக் காலில் தாண்டவிட்டு இரு கால்களின் தூரத்தையும் ஒப்பிடட்டும். அடிபட்ட கால் மற்றதில் பத்தில் ஒன்பது பங்காவது எட்டும்வரை அவர்கள் வெளியிலேயே இருக்கட்டும்.