ஆறா, மூண்டா?

கேள்வி: மகள் தரம் 9. இங்கிலிஷ் ரீச்சர் 'ரீஹபிலிடேஷன்' எண்ட சொல்லை சிலபிளாப் பிரிக்கச் சொல்ல, இவள் ரீ, ஹபிலிட், ஏஷன் எண்டு மூண்டாப் பிரிச்சுக் குடுத்து பிழை வாங்கிக்கொண்டு வந்து நிக்கிறாள். ரியூசன் அண்ணா அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தவராம். ஆர் சரி?
- ஒரு அம்மா, முள்ளியவளை

பதில்: அக்கா, சிலபிள் எண்டா ஒரு உயிரோசையோட வாற ஓசைத்துண்டு. ரீச்சர் கேட்டது அந்த ஓசையை, பிள்ளை வெட்டினது கருத்தை. மகள் தமிழ்ப் பாடத்தில ரெண்டும் செய்யிறவதானே. 'வந்தான்' எண்டதை அலகிடச் சொன்னா வந், தான் எண்டு ரெண்டு அசை. பகுபதமாப் பிரிக்கச் சொன்னா கடைசியில ஆன் மட்டும்தான் விகுதி, அந்தத் த் இடைநிலையாப் போயிடும். இஞ்சயும் அதே கதைதான், ஏஷன் எண்டது விகுதி மாதிரி, ஆனா வாயால சொல்லேக்க முன்னால நிக்கிற ட் ஓடிவந்து அதோட ஒட்டி 'டே' ஆகிடும்.

அப்ப ரீ-அ-பி-லி-டே-ஷன், மொத்தம் ஆறு. ஹ எழுத்தில இருந்தாலும் அநேகமான ஆக்கள் அதை விழுங்கிப் போட்டுத்தான் சொல்லுறவை. நாடிக்குக் கீழ கையை வச்சு எத்தினை தரம் இறங்குது எண்டு எண்ணச் சொல்லித் தருவினம், எனக்கு அதில பெரிய நம்பிக்கை இல்லை, பி-லி சொல்லேக்க நாடி அசையிறதே தெரியாது, உயிரோசையை எண்ணுறதுதான் நல்லம். இன்னொண்டு, அசையும் சிலபிளும் ஒண்டெண்டு நினைச்சிடாதேங்கோ. கிளிநொச்சிக்கு அசை மூண்டு: கிளி, நொச், சி. சிலபிள் நாலு: கி, ளி, நொச், சி.

பிள்ளை வெட்டின மூண்டும் வீண் இல்லை. ரீ எண்டா திரும்பவும், நடுத்துண்டு 'ஏலக்கூடிய, தகுதியான' எண்ட லத்தீன் சொல்லில இருந்து வந்தது, ஏஷன் வினையைப் பெயராக்குது. இந்தச் சொல்லுக்குத் தமிழில, யுத்தம் முடிஞ்ச 2009க்குப் பிறகு பலகை பலகையா வாசிச்ச 'புனர்வாழ்வு' இருக்கே, அதில புனர் செய்யிற வேலைதான் ரீ செய்யிறது.

உண்மையில எங்கட பிள்ளையள் இடறுறது அழுத்தத்திலதான். நாங்கள் தமிழில எல்லா எழுத்துக்கும் பங்கு பிரிச்சுக் குடுத்துக் கதைக்கிற ஆக்கள், இங்கிலிஷ்காரர் ஒரு சிலபிளை நீட்டி உயர்த்திச் சொல்லிப்போட்டு பக்கத்தில நிக்கிறதுகளைச் சுருக்கி அரைகுறை 'அ' ஆக்கிப்போடுவினம். ரீஹபிலிடேட் எண்டு வினையாச் சொன்னா அழுத்தம் 'பி'யில, ஏஷன் சேர்ந்தவுடன அது நகர்ந்து 'டே'க்குப் போயிடும். வாய்க்கால், குளம் எண்டு வாழுற எங்களுக்கு இரிகேஷன் இன்னும் சுகம்: இரிகேட்டில முதல் 'இ' அழுத்தம், இரிகேஷனில 'கே'. ஷன் எண்டு முடிஞ்சா அதுக்கு முதல் சிலபிள்தான் எண்டு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், அநேகமாப் பிழைக்காது. ஆனா வீட்டில கிடக்கிற டெலிவிஷன் கேக்காது, அது முதல் 'டெ'யிலதான் அழுத்தம்.

சந்தேகம் எண்டா டிக்ஷனரியில உச்சரிப்பு போட்டிருக்கிற இடத்தைப் பாக்கச் சொல்லுங்கோ, மேல சின்னக் குத்துக்கோடு ஒண்டு நிக்கும், அதுக்கு அடுத்து வாற சிலபிள்தான் அழுத்தம். ரியூசன் அண்ணாவோட சண்டைக்குப் போகாதேங்கோ, நாளைக்கு 'வேர்ட் பார்ட்ஸ்' எண்டு கேள்வி வந்தா அவர் சொன்ன மூண்டுக்குத்தான் புள்ளி.