தாமிரத்துக்குள் எலக்ட்ரான் கனக்குமா?

அன்புள்ள ஐயா,

எலக்ட்ரானின் நிறை மாறிலி என்றுதான் பள்ளியில் படித்தோம். இப்போது எம்.எஸ்சி. பாடத்தில், தாமிரத்துக்குள் அது 1.38 மடங்கு, சில சீரியம் சேர்மங்களில் ஆயிரம் மடங்குக்கும் மேல் என்கிறார்கள். கணக்கு சரியாக வரவேண்டும் என்று நிறையை இழுத்து நீட்டுகிறார்களா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

எலக்ட்ரானின் நிறை எங்கேயும் மாறுவதில்லை. 1916-இல் டோல்மனும் ஸ்டூவர்ட்டும் சுழலும் கம்பிச்சுருளைச் சட்டென்று நிறுத்தி, உள்ளே நிற்காமல் ஓடிய எலக்ட்ரான்கள் எழுப்பிய மின்துடிப்பை அளந்தார்கள். கிடைத்த நிறை வெற்றிடத்து எலக்ட்ரானை ஒட்டியே இருந்தது.

1.38 வருவது வெப்பத்திலிருந்து. பழைய கணக்குப்படி தாமிரத்தின் எலக்ட்ரான்கள் கெல்வினுக்கு, மோலுக்கு 12.5 ஜூல் ஏற்க வேண்டும். அறை வெப்பநிலையில் ஏற்பதோ சுமார் 0.2 ஜூல்தான். சோமர்ஃபெல்ட் காரணம் கண்டார்: நெரிசலான பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குபவர்தான் நகர முடிவதுபோல, எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றலான ஃபெர்மி மட்டத்தின் விளிம்பில் உள்ளவற்றுக்கு மட்டுமே தாவக் காலி ஆற்றல் நிலை உண்டு. அந்த விளிம்பில் நிலைகள் எவ்வளவு நெருக்கம் என்பதைத்தான் வெப்பம் காட்டுகிறது. நெருக்கம் கூடினால் சூத்திரத்தில் நிறை கூடியதுபோல வரும். பயனுறு நிறை என்பது இதுதான்.

அளக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. 4 கெல்வின் அருகே தாமிரத்தில் அணுக்களின் அதிர்வும் எலக்ட்ரான்களும் ஏறக்குறைய சமமாக வெப்பம் ஏற்கின்றன. வெப்ப ஏற்புத்திறனை வெப்பநிலையால் வகுத்து, வெப்பநிலையின் வர்க்கத்துக்கு எதிரே குறித்தால் நேர்கோடு விழும். அது செங்குத்து அச்சை வெட்டும் இடம் எலக்ட்ரான்களின் பங்கு: 0.695 மில்லிஜூல். கட்டற்ற எலக்ட்ரான் கணக்கில் 0.505. வகுத்துப் பாருங்கள். அந்தக் கூடுதல், அயனிகளின் மின்புலமும் எலக்ட்ரான் கிளப்பிவிடும் அதிர்வுகளும் சேர்ந்து செய்வது.

இப்போது சீரியம். 1975-இல் சீரியம்-அலுமினியச் சேர்மம் ஒன்றில் (ஒரு சீரியத்துக்கு மூன்று அலுமினியம்) அதே வெட்டு 1,620 மில்லிஜூல் என்று வந்தது! சீரியத்தின் 4எஃப் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ அணுவோடு ஒட்டியே கிடப்பவை. கடத்தும் எலக்ட்ரான்களோடு லேசாகக் கலப்பதால் விளிம்பில் நிலைகள் குவிந்துவிடுகின்றன.

இந்த வெப்பம் நகரும் எலக்ட்ரான்களுடையதா, சீரிய அணுக்களைச் சிறு காந்தங்களாக்கும் காந்தத் திருப்புத்திறனுடையதா என்றும் நீங்கள் கேட்கலாம். 1979-இல் ஸ்டெக்லிச் குழு பதில் தந்தது. சீரியம்-தாமிரம்-சிலிக்கான் சேர்மம் அரை கெல்வினை ஒட்டி மீக்கடத்தியானபோது (எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணை சேர்ந்து மின்தடையே இல்லாமல் ஓடும் நிலை) வெப்ப ஏற்புத்திறன் குதித்தது. குதிப்பு அந்தப் பிரம்மாண்டமான எலக்ட்ரான் பங்குக்கு ஈடாக இருந்தது. கனத்த எலக்ட்ரான்களே இணை சேர்ந்தாலொழிய அவ்வளவு பெரிய குதிப்பு வர வழியில்லை.