பள்ளி திறந்ததும் தமிழ் எங்கே போனது?

கேள்வி: நான் தமிழ், கணவர் தெலுங்கு, பிள்ளைகளின் பள்ளியில் ஆங்கிலம். 2020 ஊரடங்கில் மூன்று வயது மகன் தமிழில் பொரிந்து தள்ளினான். ஐந்தாம் வகுப்பிலிருந்த மகளோ வீட்டிலேயே இருந்தும் ஆங்கிலத்துக்கு மாறினாள். பள்ளியில் சேர்ந்ததும் மகனும் அவள் வழியில் போய்விட்டான். ஒரே வீட்டில் இப்படி நடக்குமா? இனி தமிழ் திரும்புமா?

பதில்: நடக்கும். கதவு இருவருக்கும்தான் பூட்டியிருந்தது. ஆனால் மகன் நாள் முழுக்க உங்களோடு இருந்தான், மகள் ஆங்கில இணைய வகுப்பில் இருந்தாள். தம்பி அக்கா வழியில் போவதும் புதிதல்ல. அந்த மாதங்களில் நான் தங்கை வீட்டில் இருந்தேன். அங்கே அவளுடைய பெரியவளின் இணைய வகுப்பில் சின்னவனும் ஒட்டி உட்கார்ந்து, ஆசிரியை சொல்வதையெல்லாம் திருப்பிச் சொல்வான். வகுப்பு முடிந்ததும் இருவருக்கும் டீச்சர் விளையாட்டு. அதில் மருந்துக்கும் தமிழ் இராது.

பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியில், வீட்டில் வேறு மொழியும் பேசிய ஏறத்தாழ 1,900 குடும்பங்களைப் பற்றி அன்னிக் டி ஹௌவர் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஏறக்குறைய கால்வாசிக் குடும்பங்களில் பிள்ளைகள் அந்த மொழியைப் பேசவே இல்லை. பெற்றோர் இருவரும் வீட்டில் டச்சு பேசாத குடும்பங்களிலோ, அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் வீட்டு மொழியைப் பேசினார்கள். நீங்களும் கணவரும் உங்களுக்குள் எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆங்கிலம் என்றால் முதலில் மாற வேண்டியது அதுதான்.

மகனுக்குத் தமிழ் புரிகிறதல்லவா? அப்படியானால் பேச்சையும் மீட்கலாம். தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால், வீடியோ அழைப்பில் கைபேசியை அவனிடமே கொடுத்துவிட்டு எழுந்து போங்கள். தங்கை மகன் எப்போதும் கேமராவைக் கூரைப் பக்கமே பிடித்திருப்பான். பாட்டிக்குத் தெரிவதெல்லாம் மின்விசிறிதான். முழங்காலில் அடிபட்ட கதையை, எங்கே ஓடினான், எதில் இடறினான் என்று அவன் வாயால்தான் சொல்லியாக வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்று நீங்கள் எடுத்துக்கொடுத்தால் அந்தத் தேவையே போய்விடும்.

மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவள் தோழிகள் பேசியதும் பாடம் நடந்ததும் ஆங்கிலத்தில்தான். தமிழ் வாசிக்கத் தெரிந்தால், தம்பிக்குக் கதை படித்துக்காட்டும் பொறுப்பை அவளிடம் கொடுங்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் கணவரின் தெலுங்கைப் பற்றி அதற்குமேல் ஒரு வரி இல்லை. ஊரடங்கில் அவர் பிள்ளைகளோடு எந்த மொழியில் பேசினார்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அவரே எழுதினால் இன்னும் நல்லது.