தம்பி லித்தியம் என்ற மனநல மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறான் என்ற கேள்விக்கு

ஒரேயடியாக நிறுத்த விடாதீர்கள். இரண்டு வருஷமாக நன்றாகத்தானே இருக்கிறேன், இனி எதற்கு மாத்திரை என்று தம்பி கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். பைபோலார், அதாவது அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் மனநோய், உள்ளவர்களிடம் தற்கொலை எண்ணம் திரும்பாமல் காப்பதில் லித்தியத்துக்குப் பங்கு உண்டு, சட்டென விட்டால் அடுத்து வரும் மாதங்களில்தான் ஆபத்து கூடுகிறது.

பெரும்பாலும் மாத்திரையால் வரும் கை நடுக்கம், ஓயாத தாகம் மாதிரி ஏதோ ஒரு தொல்லைதான் காரணமாக இருக்கும், கோபப்படாமல் கேட்டுப் பாருங்கள். அப்புறம் கடைசியாக மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தத்தில் லித்தியம் அளவு பாருங்கள். வழக்கமாக லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல், அதிகமாக இருந்து மருத்துவர் டோஸைக் குறைத்தாலே நடுக்கம் அடங்கலாம்.

இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரையும் வாந்திபேதியும் அந்த அளவை ஏற்றிவிடும், கவனம். சாவைப் பற்றிப் பேசினால் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.