தோட்டத்து மரத்தை விற்று மரவேலைப் பட்டறை போடலாமா?

கேள்வி: கொடைக்கானல் அருகே தாண்டிக்குடியில் அப்பா வழி வந்த 3 ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. அதில் நிழலுக்காக அப்பா நட்ட 110 சில்வர் ஓக் மரம். 70-ல் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன், கைக்கு மாதம் 95,000 ரூபாய். வீட்டுச் செலவு 45,000. சேமிப்பு 6 லட்சம். மரவேலையில் ஆசை அதிகம். கம்ப்யூட்டரையும் விட மனமில்லை. மரங்களை மொத்தமாக 4 லட்சத்துக்கு ஒரு வியாபாரி கேட்கிறார். அதில் பட்டறை போட்டு, சேமிப்பில் 2 லட்சத்துக்கு கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் வாங்கி, வேலையை விட்டு ஃப்ரீலான்ஸ் போகலாமா?

பதில்: மொத்தமாக மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வியாபாரி சொல்வது மரத்துக்கு 3,600 சொச்சம். கொடி ஏறிய 70 மரத்துக்கு இரண்டரை லட்சம் ஆகிறது. கொடிக்கு ஒரு கிலோ காய்ந்த மிளகு, கிலோ 600 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் வருஷத்துக்கு 42,000. ஆறு வருஷ மிளகுக்கு மரத்தையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். புதுக் கொடி காய்ப்புக்கு வர மூன்று நான்கு வருஷம் ஆகும், அதற்கும் ஏற ஒரு மரம் வேண்டும். நிழல் போனால் இன்னும் மோசம். வெயில் நேராக விழும் அரபிகா காபிச் செடியில்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு அதிகம் இறங்கும். புழு உள்ளே போன செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான்.

மலைப்பகுதியாக அறிவித்த ஊர்களில் 1955-ம் ஆண்டு மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் அந்தச் சட்டப்படி அமைத்த குழுவின் அனுமதி வேண்டும். 'பர்மிட்டை நான் பார்த்துக்கிறேன்' என்பவரை நம்பாதீர்கள், வழக்கு வந்தால் உங்களையும் சேர்த்தே இழுக்கும். நிலத்தில் ஏதாவது பகுதி 1949-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனியார் காடாக அறிவிக்கப்பட்டிருந்தால் அடமானம் வைக்கக்கூட அனுமதி தேவை. எனவே அவசரத்துக்கு மரம் இருக்கிறது என்று கணக்கில் எழுதவே எழுதாதீர்கள்.

உண்மையில் உங்களுக்கு எவ்வளவு மரம் வேண்டும்? 4 அடி சுற்றளவு, 20 அடி நீளக் கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றளவில் கால் பங்கு 1 அடி. அதை அதாலேயே பெருக்கி நீளத்தால் பெருக்கினால் 20 கன அடி. அறுவையில் பாதி போனாலும் 10 மிச்சம். ஒரு ஸ்டூலுக்குக் கால் கன அடி போதும். கொடி ஏறாத ஒரே ஒரு மரத்தில் 40 ஸ்டூல்! வார இறுதியில் வேலை செய்பவருக்கு அது ஒரு வருஷத்துக்குக் காணும்.

பலகையை உடனே இழைக்காதீர்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்று, இடையில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து, மழைச்சாரல் படாமல் அடுக்கி வையுங்கள். உங்கள் ஊர் ஈரத்தில் அப்படி ஆறிய பலகையிலும் 16 சதவீத ஈரம் நிற்கும். அதில் செய்த ஸ்டூல் மதுரையில் ஏசி அறைக்குப் போனால் சுருங்கி, இணைப்பு விட்டுவிடும், பணத்தைத் திருப்பித் தர வேண்டிவரும். 2,000 ரூபாய் ஈரமானியைத்தான் முதலில் வாங்குங்கள். பலகை காய வைக்கும் கொட்டகையில் சில நூறு ரூபாய் சென்சார் வைத்து ஈரப்பதத்தைப் பதிவு செய்வது உங்களுக்குக் கைவந்த வேலை.

ஸ்டூலை 1,800-க்கு விற்றால் பாலிஷ், பேக்கிங், கூரியர் போக 1,100 நிற்கும். எட்டு மணி நேர உழைப்பு. மணிக்கு 140 கூட இல்லை. கம்ப்யூட்டர் உங்களுக்கு மணிக்கு 500-க்கு மேல் தருகிறது. ஆகவே பட்டறை தன் கருவிக்குத் தானே சம்பாதிக்கட்டும், குடும்பச் செலவை அதன் தலையில் ஏற்ற வேண்டாம். 40,000 ரூபாய்க்கு இழைப்புளி, உளி, ரம்பம், மரம் கடைய பழைய லேத் ஒன்று. தொடங்க இது தாராளம். விவசாய இலவச மின் இணைப்பில் மோட்டார் ஓட்டினால் அபராதம். தனி இணைப்பு வாங்குங்கள். 150 ஏ.ஹெச் பேட்டரியும் இன்வெர்ட்டரும் லேப்டாப், மோடம் இரண்டையும் எட்டு மணி நேரம் தாங்கும். லேத்தை அதில் மாட்டாதீர்கள், மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்தில் இன்வெர்ட்டர் நின்றுவிடும்.

சேமிப்பில் 4 லட்சத்தை ஒன்பது மாதச் செலவுக்கென எஃப்.டி-யில் போடுங்கள். கிராபிக்ஸ் கார்டை இப்போதைக்கு மணிக்கணக்கில் கிளவுடில் வாடகைக்கு எடுங்கள். மாத வாடகை 8,000-ஐத் தொடர்ந்து தாண்டும்போது சொந்தமாக வாங்கலாம். ஆறு மாதம் விடாமல் பணம் தரும் இரண்டு வாடிக்கையாளர் கிடைத்த பிறகே ராஜினாமா. அதற்கு முன்பே சொந்தமாக மருத்துவக் காப்பீடு எடுங்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருஷம் வரை போகும்.

ஜி.எஸ்.டி-யில் பலர் தடுக்கி விழும் இடம் இது: பொருள் மட்டும் விற்றால், பதிவு செய்யாமல் இருக்க வருஷ விற்பனை வரம்பு 40 லட்சம். ஒரே பான் எண்ணில் சாஃப்ட்வேர் சேவையும் சேர்ந்தால் இரண்டுக்கும் சேர்த்து 20 லட்சம்தான். நட்டு வளர்த்த மரத்தை விற்ற பணம் வருமான வரி இல்லாத விவசாய வருமானம், தானாக முளைத்த மரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ஸ்டூல் விற்பது வியாபாரம். அதனால் மரம், மிளகு, காபிக்கு ஒரு கணக்கும் ஃப்ரீலான்ஸ், பட்டறைக்கு இன்னொன்றுமாக வங்கியிலேயே பிரித்துவிடுங்கள்.